தாய்வழியும் இடவழியும்

யூனிக்ஸ் இயக்குதளத்தின் தொடக்க காலம் பற்றி 1979இல் டென்னிஸ் ரிட்சி வாசித்த கட்டுரையில் ஒரு சிறு சம்பவம் வருகிறது. பெல் ஆய்வகத்தின் பிடிபி-7 கணினியில், இயங்கும் நிரலொன்று தன்னைப் பிரதியெடுத்துச் சேய் ஒன்றை ஈனும் ‘ஃபோர்க்’ வசதியைச் சேர்த்திருந்தார்கள். மகிழ்ச்சி அடங்குமுன் தெரியவந்தது: ஓர் அடைவிலிருந்து, அதாவது கோப்புகள் அடங்கிய டைரக்டரியிலிருந்து, மற்றொன்றுக்குப் பெயரும் கட்டளை வேலை செய்யவில்லை. நிரலைத் துருவித் துருவிப் படித்தபின்தான் காரணம் புலப்பட்டது. கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் ஷெல், ஒரு சேயை ஈன்று வேலையை அதனிடம் ஒப்படைத்தது. சேய் முறையாக இடம்பெயர்ந்து, முறையாக மடிந்தது. தாய் நின்ற இடத்திலேயே நின்றது. பிறகு அக்கட்டளையை ஷெல் தானே நிறைவேற்றும்படி மாற்றினார்கள். ‘சிடி’ இன்றும் ஷெல்லுக்குள்ளேயே குடியிருப்பது இதனால்தான்.

அதே 1979இல் வெளியான ஏழாம் பதிப்பில், ஸ்டீவன் போர்னின் ஷெல்லோடு சூழல் மாறிகள் வந்து சேர்ந்தன. நிரல்களை எங்கே தேடுவது, பயனரின் இல்ல அடைவு எது என்பன போன்ற குறிப்புகளைப் பெயரும் மதிப்புமாகச் சுமப்பவை அவை. தாய் தன் சூழலின் நகலைச் சேய்க்குத் தரும். சேய் அதில் செய்யும் மாற்றம் தாய்க்குத் திரும்பாது. நிலத்துக்கேற்ற ஒழுக்கத்தைத் திணையெனப் பகுத்த மரபினருக்கு இது சற்று விநோதமாகத் தோன்றலாம்: இங்கே ஒழுக்கம் குடிவழி வருவது, நிலத்துக்கு அதில் பங்கே இல்லை.

ஒரே ஷெல்லில் பல திட்டங்களுக்கிடையே உலவுபவருக்கு இது வெறும் விநோதமன்று. உண்மைத் தரவுத்தளத்தின் முகவரி சூழலில் தங்கிவிட, சோதனைத் திட்டத்தின் அடைவுக்கு வந்து ‘அனைத்தையும் அழி’ என்று ஆணையிட்டால் அழிவது உண்மைத் தரவுதான்.

பரிகாரங்கள் பல வந்தன. சி-ஷெல்காரர்கள் ‘சிடி’ கட்டளைக்கே மாற்றுப்பெயர் சூட்டிக் கூடுதல் வேலை ஏற்றினார்கள். இசட்-ஷெல்லில் அடைவு மாறும்போதெல்லாம் தானே இயங்கும் சார்பை எழுதிவைக்கலாம்.

பின்னாளில் வந்த ‘டைர்என்வ்’ கருவியின் வழிதான் எனக்கு ஆகப் பிடித்தது. அடைவில் ‘.என்வ்ஆர்சி’ என்றொரு கோப்பு கிடக்கும். ஷெல் அடுத்த கட்டளைக்குக் காத்து நிற்குமுன் டைர்என்வை அழைக்கும். அது அக்கோப்பைத் தனியொரு சேயில் ஓட்டி, முன்னும் பின்னுமான சூழல்களை ஒப்பிட்டு, வேறுபாட்டை மட்டும் கட்டளைகளாக எழுதித் தரும். நிறைவேற்றுவது தாய் ஷெல்லே. அடைவைவிட்டு நீங்கினால் பழைய சூழல் மீளும். சேயால் ஆகாததைத் தாயே செய்துகொள்வது என்ற பிடிபி-7 காலத்துத் தீர்வேதான் இதுவும்.

ஆனால் அந்தக் கோப்பில் எதையும் எழுதலாம். முன்பின் அறியாதவரின் திட்டத்தை இறக்கி அதனுள் நுழைவது, அவர் ஆணையை நிறைவேற்றுவதாகிவிடும். நிரல் தேடும் பாதையில் நடப்பு அடைவைச் சேர்க்காதீர்கள், பொது அடைவில் எவரோ ‘எல்எஸ்’ என்ற பெயரில் பொறி வைத்திருக்கக்கூடும் என்று பழைய யூனிக்ஸ் நிர்வாகிகள் எச்சரித்ததும் இவ்வச்சத்தால்தான். எனவே பயனர் வெளிப்படையாக இசைவு தரும்வரை டைர்என்வ் கோப்பைத் தொடுவதில்லை. தந்த இசைவும் அந்த இடத்துக்கும் அந்த உள்ளடக்கத்துக்கும் மட்டுமே. ஓர் எழுத்து மாறினாலும், மாற்றியவர் நாமே ஆனாலும், மறுபடி கேட்கும்.