ஆலையை மறைத்த முத்திரை

பழைய ராணுவக் கைத்துப்பாக்கியின் முத்திரைகளைப் பிறப்புச் சான்றிதழாகவே பலரும் படிக்கிறார்கள். ஜெர்மன் லூகர் பி08 விஷயத்தில் அந்த வாசிப்பு போதாது. அவற்றில் வெளிப்பட்டதைவிட மறைக்கப்பட்டதற்கே வரலாற்று மதிப்பு அதிகம். முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியின் ஆயுதத் தயாரிப்பைக் கட்டுப்படுத்திய வெர்சாய் உடன்படிக்கையின்படி 1920-களில் அனுமதி பெற்றிருந்த சூல் நகரத்து சிம்சன் நிறுவனம், தன் பெயரையும் ஊரையும் துப்பாக்கியின் மேற்புறத்திலேயே பொறித்தது. அனுமதி இல்லாத மௌசர், ஓபெர்ன்டார்ஃப் ஆலையில் 1934-இல் ராணுவத்துக்குச் செய்த லூகரிலோ அதே இடத்தில் 'எஸ்/42' மட்டுமே இருந்தது. தோட்டா அறையின்மேல் ஆண்டுக்குப் பதில் 'கே' என்ற ஒற்றை எழுத்து, 1935-க்கு 'ஜி'. அந்த ஆண்டு மார்ச்சில் ஹிட்லர் அந்த உடன்படிக்கை தடுத்திருந்த கட்டாய ராணுவச் சேவையைப் பகிரங்கமாக அறிவித்துவிட்டார். 1936 முதல் ஆண்டு முழுதாக நான்கு இலக்கங்களில் பொறிக்கப்பட்டது. உடன்படிக்கைக்கு அஞ்சும் காலம் போனதும் ஆண்டு வெளியே வந்தது. ஆலையின் பெயர் வரவில்லை. 'எஸ்/42' வெறும் '42' ஆகி, 1941-இல் 'பி-ஒய்-எஃப்' ஆனது.

இதெல்லாம் அலுவலக வசதிக்கான சுருக்கம்தானே என்று கேட்கலாம். பழுதான துப்பாக்கிக்கு எந்த ஆலை பொறுப்பு என்று ராணுவத்துக்குத் தெரிய வேண்டியிருந்தது உண்மை. ஆனால் அதற்குப் பெயரே போதுமே! குறியீட்டுப் பட்டியல் கையில் உள்ளவருக்கு மட்டும் புரிய வேண்டும் என்றால்தான் எழுத்துகள் தேவைப்படும். அதற்காக, விநோதமான பொறிப்பிலெல்லாம் அரசின் சூழ்ச்சியைத் தேடவும் கூடாது. லூகருக்குப் பின் வந்த பி38 கைத்துப்பாக்கிகளில், இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தைச் சேர்ந்த சிலவற்றில் 'சி-வி-க்யூ' என்றிருக்கும். அது புதிய ஆலை அல்ல. ஸ்ப்ரேவெர்க் ஆலையின் 'சி-ஒய்-க்யூ' அச்சில் சிறிய 'ஒய்' எழுத்தின் வால் உடைந்து 'வி' போலத் தெரிகிறது, அவ்வளவுதான்.

இன்னொரு ஆட்சேபம்: நாஜி அரசு 1945-இல் வீழ்ந்த பிறகு, மௌசரின் கடைசிக் குறியீடான 'எஸ்-வி-டபிள்யூ' பக்கத்தில் 1946-ஐக் குறிக்கும் '46' ஒரு பி38-இல் எப்படி வரும், அது போலியாகத்தானே இருக்கும்? இருக்க வேண்டியதில்லை. 1945 ஏப்ரலில் ஓபெர்ன்டார்ஃபைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள், அங்கிருந்த உதிரிபாகங்களைக் கொண்டு 1946 வரை பி38 தயாரிப்பைத் தொடர்ந்தார்கள். தங்கள் ஏற்பு அடையாளமாக ஐந்துமுனை நட்சத்திரத்தையும் பொறித்தார்கள். ஆகவே முத்திரையைப் பார்த்ததும் 'எந்த ஆலை, எந்த ஆண்டு' என்று மட்டும் கேட்டால் பாதிதான் கிடைக்கும். யாருக்குத் தெரிய வேண்டும், யாருக்குத் தெரியக்கூடாது என்று அதைப் பொறித்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் மீதி கிடைக்கும்.