'கூடிய' எஃகு

1

ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன். தமிழ் படித்தவனுக்கு உலோகத்தைப் பற்றிப் பேச வேறு வாசல் கிடையாது.

அணுப்பொருள் வழங்கும் நாடுகளின் குழு என்று ஒன்று இருக்கிறது. 1974இல் இந்தியா பொக்ரானில் வெடித்ததற்கு எதிர்வினையாக உருவானது அது. வளைகுடாப் போருக்குப் பின் ஈராக்கின் ரகசிய அணுத்திட்டம் அம்பலமானதும், 1992இல் இக்குழு இன்னொரு பட்டியலைப் போட்டது. குண்டுக்கும் உதவும், வேறு வேலைக்கும் உதவும் என்கிற இரட்டைப் பயன் கொண்ட பொருட்களின் பட்டியல். அதில் ஓர் எஃகும் இருக்கிறது. பெயர் மராஜிங் ஸ்டீல். 20 டிகிரி செல்சியஸில் 1950 மெகாபாஸ்கலோ அதற்கு மேலோ இழுவலிமை பெறக்கூடிய மராஜிங் எஃகு கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது என்பது இன்றுள்ள விதியின் சாரம். அதோடு ஒரு விளக்கக் குறிப்பும் உண்டு. 'கூடிய' என்பது வெப்பப் பக்குவம் செய்வதற்கு முன்புள்ள எஃகையும் பின்புள்ள எஃகையும் சேர்த்தே குறிக்கும் என்கிறது அது.

இந்தக் குறிப்பைப் படித்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. 'வலிமையான' எஃகு என்றால் அது ஒரு பண்பு. 'வலிமை பெறக்கூடிய' எஃகு என்றால் அது ஒரு சாத்தியம். விதி பண்பைத் தடுக்கவில்லை, சாத்தியத்தைத் தடுக்கிறது. ஒரு பெயரெச்சத்துக்குள் ஒரு உலக அரசியல் உட்கார்ந்திருக்கிறது. சரி, உலோகத்துக்குள் அப்படி என்ன சாத்தியம்? அதைப் பார்க்காமல் அரசியலை மட்டும் பேசினால் வெறும் கோஷமாகிவிடும்.

2

நாம் அறிந்த எஃகு கரியால் கடினமாவது. ஊர்ப் பட்டறையில் பார்த்திருப்பீர்கள். அரிவாளைச் சிவக்கக் காய்ச்சி, அடித்து, வாய்ப்பக்கத்தைத் தண்ணியில முக்குவாங்க. அந்த நொடியில்தான் கடினம் வருகிறது. இரும்பு அணுக்களின் ஒழுங்கு மாறும்போது வெளியேற நேரமில்லாத கரி நடுவில் மாட்டிக்கொள்ள, அதன் நெருக்கடியில் ஒழுங்கே திரிந்துபோகிறது. அந்தத் திரிந்த அமைப்புக்கு மார்ட்டன்சைட் என்று பெயர். அடால்ஃப் மார்ட்டன்ஸ் என்ற ஜெர்மானியரின் நினைவாக வைத்தது. இதில் ஒரு வில்லங்கம் உண்டு. கடினம் ஏற ஏற நொறுங்கும் தன்மையும் ஏறும். முக்கும்போது கோணும், சில சமயம் விரிசல் விடும். கடினமான பிறகு அதைக் கடைவதும் பற்றவைப்பதும் பெரும்பாடு.

மராஜிங் எஃகில் கரி வேண்டாத விருந்தாளி. 0.03 சதவீதத்துக்கு மேல் அதை விடுவதில்லை. பதிலாக நிக்கல் 18 சதவீதம், கோபால்ட் சுமார் 8, மாலிப்டினம் சுமார் 5, கொஞ்சம் டைட்டானியம். 820 டிகிரி அளவுக்குச் சூடாக்கிக் காற்றில் ஆறவிட்டால் போதும், தண்ணியில முக்க வேண்டாம். வருவது இங்கேயும் மார்ட்டன்சைட்தான், ஆனால் கரியின் நெருக்கடி இல்லாத மார்ட்டன்சைட். அதனால் மிருதுவாக இருக்கும். மிருது என்றாலும் நம்ம வீட்டுக் கூரைக்குப் போடுகிற கம்பியைவிட வலுவானது. இதைத்தான் அனீல் பண்ணின நிலை என்கிறார்கள். இந்த நிலையில் கடையலாம், துளைக்கலாம், வெல்டிங் பண்ணலாம். சுழலும் அச்சின்மேல் குழாயாக மாட்டி வெளியிலிருந்து உருளைகளால் அமுக்கி, சுவரை மெல்லிசாக்கிக்கொண்டே நீட்டலாம்.

எல்லா வேலையும் முடிந்த பிறகு 480 டிகிரி உலையில் சில மணி நேரம் வைக்கிறார்கள். பழுக்கப்போடுவது மாதிரி. அப்போது மாலிப்டினமும் டைட்டானியமும் நிக்கலோடு கூடி, கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக உள்ளுக்குள் பிரிந்து நிற்கும். உலோகம் வளைவது என்றால் அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவது. அந்த வழுக்கலை இத்துகள்கள் மறிக்கின்றன. 1000 மெகாபாஸ்கல் அளவில் இருந்த வலிமை, ரகத்துக்கு ஏற்ப 1700, 2000, 2400 என்று ஏறுகிறது. உருவமும் அளவும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். மார்ட்டன்சைட், ஏஜிங் என்ற இரண்டையும் ஒட்டித்தான் 'மராஜிங்' என்ற பெயரே வந்தது.

ஆக, இந்த எஃகின் உருவம் ஒரு காலத்தில் தீர்மானமாகிறது, வலிமை வேறொரு காலத்தில் வருகிறது. பட்டறை அரிவாளுக்கு இந்த இடைவெளி கிடையாது. என் கட்டுரை முழுக்க இந்த இடைவெளியைப் பற்றியதுதான்.

3

நிக்கல் எஃகின் முன்கதையில் நம்முடைய உருக்கும் வருகிறது. தென்னிந்தியாவில் மூசைகளில் உருக்கி எடுத்த உயர்கரி எஃகை ஐரோப்பியர் 'வூட்ஸ்' என்றார்கள். பம்பாயிலிருந்து ஹெலினஸ் ஸ்காட் அனுப்பிய மாதிரிகளை ஆராய்ந்து 1795இல் ஜார்ஜ் பியர்சன் ராயல் சொசைட்டியில் கட்டுரை படித்தார். 1819இல் மைக்கேல் ஃபாரடே அதைப் பகுத்துப் பார்த்தார். மின்சாரத்தால் நாம் அறிந்த அதே ஃபாரடேதான், ஒரு கொல்லரின் மகன். வூட்ஸின் சிறப்புக்கு அதிலுள்ள அலுமினாவும் சிலிக்காவும் காரணம் என்று அவர் தவறாக நினைத்தார். ஆனால் அந்தத் தவறு விளைச்சல் தந்த தவறு. எஃகோடு வேறு எதையாவது கலந்தால் என்ன ஆகும் என்று, கத்திக் கருவிகள் செய்யும் ஸ்டோடார்ட்டுடன் சேர்ந்து 1820 வாக்கில் வரிசையாகச் சோதித்தார். விண்கல் இரும்பைப் போலி செய்ய இரும்போடு நிக்கல் கலந்ததும் அந்தச் சோதனைகளில் ஒன்று.

இதைச் சொன்னதும் 'அப்பவே நம்ம ஆளுங்க' என்று ஒரு குரல் எழும். எனக்கு அந்தக் குரலில் சேர விருப்பமில்லை. லண்டனுக்குப் போனது உருக்கின் கட்டி, உருக்கியவர்களின் அறிவு அல்ல. பியர்சன், ஸ்காட், ஸ்டோடார்ட், ஃபாரடே எல்லாரும் பெயரோடு இருக்கிறார்கள். மூசைக்கு மண் குழைத்தவர்கள், துருத்தி ஊதியவர்கள் பெயரோடு வந்து சேரவில்லை. பழம்பெருமை பேசும் நாமும் அவர்களைப் பெயரற்றவர்களாகவே வைத்துக்கொண்டு 'தமிழரின் எஃகு' என்கிறோம். காலனியச் சொல்லாடலும் நம் பெருமிதச் சொல்லாடலும் ஒன்றுகூடும் இடம் இது.

நிக்கல் எஃகு தொழிலானது 1889க்குப் பிறகு. அந்த ஆண்டு ஜேம்ஸ் ரைலி நிக்கல், இரும்புக் கலவைகளைப் பற்றிக் கட்டுரை படித்தார். 1890 செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படை அனாபொலிஸில் கவசத் தகடுகள்மேல் பீரங்கியால் சுட்டுப் பார்த்தது. நிக்கல் எஃகுத் தகடு தாக்குப்பிடித்தது. அமெரிக்க நாடாளுமன்றம் நிக்கல் வாங்கப் பத்து லட்சம் டாலர் ஒதுக்கியது. சந்தையைத் திறந்துவிட்டது போர்க்கப்பல்தான்.

1916இல் நடந்ததையும் சொல்ல வேண்டும். கனடாவின் சட்பரி தாதுவை அமெரிக்காவில் சுத்திகரித்து விற்றுக்கொண்டிருந்தது இன்டர்நேஷனல் நிக்கல் கம்பெனி. அமெரிக்கா அப்போது நடுநிலை நாடு. 'டாய்ச்லாந்து' என்ற ஜெர்மன் வணிக நீர்மூழ்கி அங்கிருந்து நிக்கலை ஏற்றிக்கொண்டு போனது. கனடா கொந்தளித்தது. எங்க மண்ணுலேருந்து போன நிக்கல் எங்க பசங்க மேலயே குண்டா வருதா என்பதுதான் கேள்வி. அதன் பிறகு கம்பெனி கனடாவிலேயே போர்ட் கோல்போர்னில் சுத்திகரிப்பு ஆலை கட்டியது. உலோகம் யாருக்குப் போகலாம், யாருக்குப் போகக்கூடாது என்ற கேள்வி அணுகுண்டோடு பிறந்ததல்ல.

4

அதே கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில்தான் 1950களின் இறுதியில் கிளாரன்ஸ் பீபர் மராஜிங் எஃகை உருவாக்கத் தொடங்கினார். 18 சதவீத நிக்கல் ரகத்தை டெக்கர், ஈஷ், கோல்ட்மன் மூவரும் 1962இல் வெளியிட்டார்கள். அது ஏவுகணைகளின் காலம். வாங்க ஆள் தயாராக இருந்தது.

வலிமை என்பது அட்டவணையில் இருக்கும் எண் மட்டுமல்ல என்பதை 1965 காட்டியது. அமெரிக்காவில் 260 அங்குல விட்டம், அதாவது 6.6 மீட்டர், உள்ள திட எரிபொருள் ராக்கெட்டுக்கு மராஜிங் எஃகில் உறை செய்தார்கள். தண்ணீர் நிரப்பி அழுத்தம் ஏற்றிச் சோதித்தபோது, உத்தேசித்த அழுத்தத்தின் பாதியைச் சற்றுத் தாண்டியதுமே ஓர் உறை வெடித்துச் சிதறியது. காரணம் வெல்டிங்கை ஒட்டி இருந்த சிறு குறைகள். மிருதுவான நிலையில் கண்ணில் படாமல் போன ஒரு கீறல், கடினமான பிறகு முழு உறையையும் பிளந்துவிட்டது. உறுதிக்குப் பின் வெளிப்படும் விரிசல் உறுதிக்கு முன்பே உள்ளே இருந்தது. முறிவியல் படிக்கிறவர்களுக்கு இது பாடம். நமக்கும் பாடம்தான்.

கோபால்ட்டின் கதை இன்னும் இருண்டது. சாக்சனிச் சுரங்கத் தொழிலாளர்கள் செம்பு போல் தெரிந்து செம்பு தராத தாதுவைக் குட்டிச்சாத்தானின் வேலை என்றார்கள். நிக்கல், கோபால்ட் இரண்டு பெயருமே அந்தப் பேய்களின் பெயரிலிருந்து வந்தவை. சுரங்கத்தில் நெஞ்சு நிறைய நஞ்சுப் புகை வாங்கியவன் வைத்த பெயர் என்பதால் இதை மூடநம்பிக்கை என்று தள்ள எனக்கு மனமில்லை. இருபதாம் நூற்றாண்டில் கோபால்ட்டின் பெரும்பங்கு காங்கோவின் கட்டாங்காவிலிருந்து வந்தது. ஹிரோஷிமா குண்டுக்குப் போன யுரேனியத்தின் பெரும்பகுதியும் அதே கட்டாங்காவின் ஷிங்கோலொப்வே சுரங்கத்தில் எடுத்ததுதான். 1978 மே மாதம், அப்போது ஷாபா என்று அழைக்கப்பட்ட அம்மாகாணத்தின் கோல்வெசி நகரைக் கிளர்ச்சிப்படை பிடித்தது. பிரெஞ்சுத் துருப்புகள் வந்து இறங்கின. கோபால்ட் விலை எகிறியது. அதன் விளைவாகக் கோபால்ட் இல்லாத மராஜிங் ரகங்கள் உருவாகின. ஓர் உலோகக் கலவையின் சேர்மானம் ஆய்வுக்கூடத்தில் மட்டுமல்ல, கோல்வெசித் தெருவிலும் எழுதப்பட்டது.

5

இனி 'கூடிய' என்ற சொல்லுக்குத் திரும்பலாம்.

யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்கு என்பது பயங்கர வேகத்தில் சுழலும் மெல்லிய குழாய். வேகம் கூடினால் பிரிப்பு கூடும், ஆனால் சுழற்சியின் விசை குழாயையே கிழிக்கப் பார்க்கும். எடைக்கு எவ்வளவு வலிமை என்பதே எல்லை. அலுமினியக் குழாயைவிட மராஜிங் குழாயை வேகமாகச் சுழற்றலாம். பிரிட்டன், மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து மூன்றும் 1970இல் அல்மெலோவில் ஒப்பந்தம் போட்டு இந்த நுட்பத்தை வளர்த்தன. ஆம்ஸ்டர்டாமில் அத்திட்டத்துக்காக வேலை செய்த நிறுவனம் ஒன்றில் இருந்த ஏ. கியூ. கான் 1975இல் பாகிஸ்தானுக்குத் திரும்பினார். வரைபடங்களும் கூடவே போயின.

1987 ஜூலையில் ஃபிலடெல்ஃபியாவில் பாகிஸ்தானில் பிறந்த கனடிய வணிகர் ஒருவரைக் கைது செய்தார்கள். 350 ரக மராஜிங் எஃகை 25 டன் வாங்க முயன்றார் என்பது வழக்கு. டிசம்பரில் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. இப்படிப்பட்ட கடத்தலில் ஈடுபடும் நாட்டுக்கு உதவியை நிறுத்த வேண்டும் என்று 1985இலேயே அமெரிக்காவில் சட்டம் இருந்தது. 1988 ஜனவரியில் ரீகன் அந்தச் சட்டம் பொருந்துகிறது என்று ஒப்புக்கொண்டார், அதே மூச்சில் அதற்கு விலக்கும் அளித்தார். ஆப்கானிஸ்தானில் சோவியத் படை இருந்தது. பாகிஸ்தான் வேண்டப்பட்ட நாடு.

இப்போது வாசித்துப் பாருங்கள். எஃகுக்கு மட்டும் 'கூடிய' போதாது. வாங்குகிறவன் யார் என்பதையும் அந்தச் சொல் விழுங்கி வைத்திருக்கிறது. தரகன் சிறைக்குப் போனான், உதவி தொடர்ந்தது.

6

நம் பக்கம் வருவோம். பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் கட்டத்தின் 2.8 மீட்டர் விட்டமுள்ள உறை மராஜிங் எஃகுதான், 250 ரகம். ஹைதராபாத்தின் மிதானி ஆலை இந்த எஃகைச் செய்கிறது. 1993 செப்டம்பரில் முதல் ஏவல் தோற்றது, 1994 அக்டோபரில் இரண்டாவது வென்றது. மறுக்கப்பட்டதை நாமே செய்துகொண்டோம் என்ற பெருமிதத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். மறுத்தவர்களின் கை சுத்தமில்லை என்பதை மேலே பார்த்தோம். ஆனால் 2008இல் என்ன நடந்தது? இந்தியாவுக்கு எதிராக உருவான அந்தக் குழு இந்தியாவுக்கு விலக்கு கொடுத்தது. பதிலுக்கு, குழுவின் விதிகளைத் தானும் பின்பற்றுவதாக இந்தியா உறுதி சொன்னது. அந்தப் பெயரெச்சம் இப்போது நம் அரசின் வாயிலும் இருக்கிறது.

அரசுக்கு அது புதிய இலக்கணமும் அல்ல. குற்றம் செய்தவரை அல்ல, செய்யக்கூடியவரை அடைத்துவைக்க அரசியல் சட்டத்தின் 22ஆம் பிரிவே இடம் தருகிறது. முன்தடுப்புக் காவலில் உள்ளே போய்வந்த தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எஃகையும் மனிதரையும் ஒன்றாக்காதே என்று நீங்கள் சொல்லலாம், சரிதான். எஃகுக்கு மனம் கிடையாது, அதனால் அது திருந்தவோ மறுக்கவோ முடியாது. மனிதரால் முடியும். அதனாலேயே மனிதர்மேல் 'கூடிய' என்று எழுதுவது அநீதியாகிறது. எஃகின்மேல் எழுதுவது அநீதி இல்லை, ஆனால் எழுதுகிற கை யாருக்கும் பதில் சொல்வதில்லை என்பதுதான் கோளாறு.

நம் அணு எதிர்ப்பு எழுத்துகள், என்னுடையதையும் சேர்த்து, பெரும்பாலும் வெடிப்புக்குப் பிறகு எழுதப்பட்டவை. 1998 மே மாதத்துக்குப் பிறகு எத்தனை கவிதை, எத்தனை கண்டனம்! எல்லாம் உலையிலிருந்து வெளியே வந்த பொருளிடம் பேசியவை. அதுக்கு முன்னாடி, தாது தோண்டும்போது, ஒப்பந்தம் போடும்போது, தகடு உருட்டும்போது, வெல்டிங் நடக்கும்போது நாம் எங்கே இருந்தோம்? அந்த நிலையில் கேள்வி கேட்கிற உரிமையை வல்லரசுகளின் குழுக்கள் தமக்கென வைத்துக்கொண்டன. நாமும் அது பொறியாளர்கள் சமாச்சாரம் என்று விட்டுவிட்டோம். தமிழ் எம்.ஏ. காரனுக்கு 480 டிகிரியோடு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: அந்த உலைக்குள் போவதற்கு முன்புவரைதான் அந்த எஃகை வேறு எதுவாகவும் கடைய முடியும்.