மெர்லாட்

மெர்லாட் என்பது உயர்கல்வி ஆசிரியர்கள் தாம் உருவாக்கிய அல்லது கண்டறிந்த கற்பித்தல் வளங்களைப் பகிர்ந்து, ஒருவரது வளத்தை மற்றவர் மதிப்பாய்வு செய்யும் இலவச இணையத் தொகுப்பு ஆகும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 1997 இல் இதனைத் தொடங்கியது.

மதிப்பாய்வு

பாடவளம் உருவாக்கும் ஆசிரியரின் உழைப்புக்கு, ஆய்வுக் கட்டுரைக்குக் கிடைக்கும் மதிப்பு பொதுவாகக் கிடைப்பதில்லை. பதவி உயர்விலும் அது பெரிதாகக் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. ஆய்விதழ்களின் சக மதிப்பாய்வு முறையை மெர்லாட் கைக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். இயற்பியல், உயிரியல் போன்ற துறைகளுக்குத் தனித்தனி மதிப்பாய்வுக் குழுக்கள் உண்டு. அத்துறையில் பாடம் நடத்துவோர் உள்ளடக்கத்தின் தரம், கற்பித்தலுக்கு உதவும் தன்மை, பயன்பாட்டு எளிமை ஆகிய மூன்றையும் ஆராய்ந்து ஐந்து நட்சத்திரங்கள் வரை வழங்குகின்றனர். இவற்றுள் இரண்டாவதே கடினமானது. அழகாக அமைந்த அசைபடம் ஒன்று மாணவரின் தவறான புரிதலைத் திருத்துமா அல்லது வேடிக்கையாக மட்டும் நின்றுவிடுமா என்பதை வகுப்பறை அனுபவம் உள்ளவரே கணிக்க இயலும். பிற உறுப்பினர்களின் கருத்துகள் இம்மதிப்பாய்வுடன் கலக்கப்படாமல் தனியே காட்டப்படுகின்றன.

குறைபாடுகள்

மதிப்பாய்வு தன்னார்வப் பணி என்பதால் வளங்களுள் சிறு பகுதியே அதற்கு உட்பட்டுள்ளது. மேலும், பெரும்பாலான வளங்களின் விவரமும் இணைப்பும் மட்டுமே மெர்லாட்டில் உள்ளன. மூலத்தளம் மறைந்தால் மதிப்பாய்வு மட்டுமே எஞ்சும். ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு 2020 இறுதியில் நிறுத்தப்பட்டதால், அதில் அமைக்கப்பட்ட பழைய பாடங்கள் இன்றைய உலாவிகளில் நேரடியாக இயங்குவதில்லை.