அன்றாட உணவு: பரமண்டல செபத்தின் ஒரு வேண்டுதலும் அதன் தமிழாக்க வரலாறும்

1. முன்னுரை

விவிலியத்தின் ஒரு பகுதியை நாள்தோறும் படித்து, அதனைத் தம் வாழ்வோடு பொருத்திச் சிந்திக்கும் வழக்கம் தமிழ்க் கிறித்தவ இல்லங்களில் நெடுங்காலமாக நிலவி வருகிறது. இச்சிந்தனை பெரும்பாலும் எபிரேய, கிரேக்க மூலங்களின்மேல் நிகழ்வதன்று. தமிழ்ச் சொல்லின்மேல் நிகழ்வது. மொழிபெயர்ப்பாளர் தேர்ந்த சொல்லே படிப்பவரின் சிந்தனைக்குத் தொடக்கமாகவும் பலவேளைகளில் எல்லையாகவும் அமைகிறது. ஆதலின் ஒரு சமயத்தாரின் அன்றாடச் சிந்தனையை அறிய விழைவோர் அவர்தம் மறைநூலின் மொழிபெயர்ப்பு வரலாற்றையும் அறிதல் வேண்டும்.

இக்கருத்துக்குச் சான்றாக இயேசு தம் சீடர்க்குக் கற்பித்த பரமண்டல செபத்தில் உணவு வேண்டும் வேண்டுதலை (மத்தேயு 6:11, லூக்கா 11:3) இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. கிறித்தவர் மிகுதியாகச் சொல்லும் வேண்டுதல்களுள் ஒன்றாகிய இதில், பொருள் உறுதிப்படாத சொல் ஒன்று பத்தொன்பது நூற்றாண்டுகளாக இருந்து வருகிறது.

2. மூலச்சொல்லின் சிக்கல்

இவ்வேண்டுதலில் உணவைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'ஆர்த்தோஸ்' என்பதாகும். நேர்ப்பொருளில் இது கோதுமையாலோ வாற்கோதுமையாலோ சுட்ட அப்பத்தையும், விரிபொருளில் பொதுவாக உணவையும் குறிக்கும். இதில் ஐயமில்லை. ஐயம் இதற்கு அடையாக வரும் 'எபியூசியோஸ்' என்னும் சொல்லைப் பற்றியது. இச்சொல் மத்தேயு, லூக்கா ஆகிய நற்செய்தி நூல்களிலும், இதே செபத்தை எடுத்துரைக்கும் 'திதாக்கே' என்னும் தொடக்கக் காலக் கிறித்தவ நூலிலும் வருகிறது. கிரேக்கரின் எழுத்திலோ பேச்சிலோ இச்சொல் வழங்கவில்லை என்றும், நற்செய்தியாளர்களே இதனைப் படைத்திருத்தல் வேண்டும் என்றும் மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் குறிப்பிட்டார்.

1889இல் வெளியிடப்பட்ட எகிப்தியப் பாப்பிரசுக் கணக்குச் சீட்டு ஒன்றில் இச்சொல் காணப்படுவதாகப் பின்னர்க் கருதப்பட்டது. வீட்டுச் செலவுக் கணக்கில் வந்தமையால் 'அன்றாடப் படி' என்பதே பொருள் எனச் சிலர் துணிந்தனர். காணாமற்போயிருந்த அச்சீட்டு 1998இல் யேல் பல்கலைக்கழகத் தொகுப்பில் மீண்டும் கண்டறியப்பட்டது. அதனை மறுமுறை படித்த அறிஞர்கள், அதிலுள்ளது எண்ணெயைக் குறிக்கும் சொல்லே எனக் காட்டினர். ஓரிகனின் கூற்றை மறுக்க இருந்த சான்றும் இவ்வாறு நீங்கியது.

சொற்பிறப்பு வழியில் இருவகை விளக்கங்கள் முதன்மையானவை. 'இருப்பு' எனப் பொருள்படும் 'ஊசியா' என்பதனடியாகப் பிறந்தது எனக் கொண்டால், 'வாழ்தற்கு வேண்டிய' என்னும் பொருள் கிட்டும். 'வருகின்ற நாள்' என்னும் பொருளில் திருத்தூதர் பணிகள் நூலில் வழங்கும் தொடரோடு இணைத்தால், 'அடுத்த நாளுக்குரிய' என்னும் பொருள் கிட்டும். வைகறையில் வேண்டுவோர்க்கு அது விடியும் நாள். இரவில் வேண்டுவோர்க்கு மறுநாள்.

3. பண்டை மொழிபெயர்ப்புகள்

பண்டை மொழிபெயர்ப்பாளர்களும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. பழைய சிரியாக்கு மொழிபெயர்ப்பு 'நிலையான' என்றும், பின்னர் வழக்கூன்றிய பெசித்தா 'எம் தேவைக்குரிய' என்றும் பெயர்த்தன. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் இலத்தீன் நற்செய்திகளைத் திருத்திய எரோணிமுசு, ஒரே கிரேக்கச் சொல்லை லூக்காவில் 'அன்றாட' என்றும் மத்தேயுவில் 'பொருண்மைக்கு மேலான' என்றும் இருவகையாக அமைத்தார். எபிரேயர் நற்செய்தி என வழங்கிய நூலில் 'நாளைய' எனப் பொருள்படும் சொல் இருந்ததையும் அவரே பதிவு செய்துள்ளார்.

வயிற்றுக்குரிய உணவா, நற்கருணையாகிய உணவா, வரவிருக்கும் இறையரசின் விருந்தா என்னும் வினாக்கள் இச்சொல் வேறுபாடுகளோடு பின்னிக் கிடக்கின்றன. மார்ட்டின் லூத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் முதற்பொருளை உறுதியாக ஏற்று அதனை விரித்தார். உண்டி, உடை, வீடு, நிலம், கால்நடை, நல்லாட்சி, நல்ல பருவநிலை, அமைதி, நல்ல அயலார் என வாழ்வுக்கு வேண்டிய அனைத்தும் இவ்வேண்டுதலில் அடங்கும் என்றார். 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு இந்நூலைத் தமிழில் பெயர்த்துக் கற்பித்தார். தமிழ்ச் சீர்திருத்தச் சபையார் இவ்வேண்டுதலை அன்றாட வாழ்வோடு பொருத்திக் கற்ற முறைக்கு இது ஒரு தொடக்கம் எனலாம்.

4. தமிழாக்கங்கள்

சீகன்பால்கு பெயர்த்த புதிய ஏற்பாடு 1714-15இல் தரங்கம்பாடியில் அச்சேறியது. பின்னர் பப்ரிசியுசு செய்த புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு 1772இல் வெளிவந்து, லுத்தரன் சபைகளில் நெடுங்காலம் போற்றப்பட்டது. ஹென்றி பவர் முதலியோர் அடங்கிய குழு உருவாக்கிய ஐக்கிய மொழிபெயர்ப்பு 1871இல் முழுமையடைந்தது. கத்தோலிக்கரும் பிற சபையாரும் இணைந்து உருவாக்கிய திருவிவிலியம் 1995இல் வெளிவந்தது.

லுத்தரன் வழிபாட்டு மரபில் 'அன்றன்றுள்ள' என்னும் அடையும் 'அப்பம்' என்னும் பெயரும் நிலைபெற்றன. ஐக்கிய மொழிபெயர்ப்பு 'வேண்டிய' என்னும் அடையையும் 'ஆகாரம்' என்னும் பெயரையும் தேர்ந்தது. திருவிவிலியம் 'உணவு' என்னும் சொல்லை ஆண்டு, மத்தேயுவில் 'தேவையான' என்றும் லூக்காவில் 'அன்றாட' என்றும் வேறுபடுத்தியது. பண்டைய கருத்து வேறுபாடு தமிழிலும் தொடர்வதை இதனால் உணரலாம். 'அன்றன்றுள்ள' என்பது காலத்தையும், 'தேவையான' என்பது அளவையும் சுட்டும். 'வேண்டிய' என்னும் பெயரெச்சமோ 'தேவைப்படும்' எனவும் 'விரும்பிய' எனவும் 'இரந்து கேட்ட' எனவும் பொருள் தரவல்லது. தேவைக்கும் விருப்பத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சிந்திக்கத் தூண்டும் பகுதியில், அவ்விரண்டையும் ஒருங்கே உணர்த்தும் சொல் அமைந்துள்ளமை கருதத்தக்கது.

5. 'அப்பம்' என்னும் இழை

பெயர்ச்சொல்லின் தேர்வு இதனினும் பெரிய விளைவை உடையது. தமிழர்க்குச் சோறும் கஞ்சியும் அடிப்படை உணவு. அப்பம் பலகாரம் அல்லது படையற்பொருள். 'அப்பம் தாரும்' என்னும் வேண்டுதல் பசித்தோர் குரலாகத் தமிழ்ச் செவிக்குப் படாமற் போகலாம். 'ஆகாரம்', 'உணவு' என்னும் சொற்கள் இக்குறையை நீக்குகின்றன.

எனினும் இதற்கு ஒரு விலை உண்டு. மத்தேயு நற்செய்தியில் பாலைநிலச் சோதனை (4:4), உணவு வேண்டுதல் (6:11), தந்தையிடம் கேட்கும் பிள்ளை (7:9), ஐயாயிரம் பேருக்கு உணவளித்தல் (14:17), இறுதி இராவுணவு (26:26) ஆகிய ஐந்து இடங்களிலும் மூலத்தில் 'ஆர்த்தோஸ்' என்னும் ஒரே சொல் வருகிறது. ஐக்கிய மொழிபெயர்ப்பிலும் திருவிவிலியத்திலும் ஏனைய நான்கு இடங்களில் 'அப்பம்' என நிற்க, வேண்டுதலில் மட்டும் சொல் மாறுகிறது. கற்களை அப்பமாக்க மறுத்தவரே இரு இயல்களுக்குப்பின் அப்பத்துக்காக வேண்டக் கற்பிக்கிறார் என்னும் தொடர்பு தமிழ் வாசகர்க்கு மறைந்துவிடுகிறது. மனிதர் அப்பத்தினால் மட்டும் வாழ்வதில்லை என்பதை, அப்பமே வேண்டாம் எனப் பொருள்கொள்வதற்குத் தடையாக நிற்பது இத்தொடர்பே.

யோவான் 6ஆம் இயலில் இவ்விரு மொழிபெயர்ப்புகளும் வேறுபடுகின்றன. இயேசு தம்மையே 'ஆர்த்தோஸ்' எனக் கூறும் இடத்தில் (6:35) ஐக்கிய மொழிபெயர்ப்பு 'ஜீவ அப்பம்' என்கிறது. வாற்கோதுமை அப்பங்களோடு தொடரும் இழை அதில் அறுபடவில்லை. செபத்தோடுள்ள இழை அறுபடுகிறது. திருவிவிலியம் அவ்விடத்தில் 'உணவு' என்பதால் செபத்தோடு இழை இணைகிறது. அதே இயலின் அப்பங்களோடு அறுபடுகிறது. இவ்விரண்டையும் ஒருங்கே காக்கும் தமிழ்ச்சொல் இல்லை. இதனை மொழிபெயர்ப்பாளரின் பிழையாகக் கருதுதல் பொருந்தாது. இரு பண்பாடுகளின் உணவுமுறை வேறுபாடே இதன் காரணம்.

6. தமிழின் கொடை

மொழிபெயர்ப்பில் இழப்பு மட்டுமே நேர்வதில்லை. தமிழில் 'அன்றாடங்காய்ச்சி' என்றொரு சொல் உண்டு. அன்று ஈட்டியதைக் கொண்டு அன்றே உலை வைப்பவரை அது குறிக்கும். முதன்முதல் இச்செபத்தைக் கேட்டோருள் இத்தகையோர் இருந்தனர் எனக் கருத இடமுண்டு. ஏழைக் கூலியாளின் கூலியைக் கதிரவன் மறையுமுன் கொடுத்துவிட வேண்டும் என்பது இணைச்சட்டம் (24:15) கூறும் விதி. திராட்சைத் தோட்ட உவமையிலும் (மத்தேயு 20) மாலையிலேயே கூலி தரப்படுகிறது. பாலைநிலத்தில் மன்னாவை அன்றன்றைக்கு மட்டும் சேர்க்க வேண்டும் என்பதும், மிகுத்து வைத்தது புழுத்தது என்பதும் விடுதலைப் பயணம் (16) தரும் செய்திகள். 'அன்றாட' என்னும் அடை இவற்றையெல்லாம் தமிழ் வாழ்வின் வழியே நினைவூட்டவல்லது. களஞ்சியம் உடையவர்க்கு இவ்வேண்டுதல் ஒரு வழக்கத் தொடராகலாம். அன்றாடங்காய்ச்சிக்கு அது அன்றைய நாளின் வினா.

தன்மைப் பன்மையும் ஈண்டு நோக்கத்தக்கது. கேட்போரை உளப்படுத்துவது, உளப்படுத்தாதது என்னும் வேறுபாடு கிரேக்கத் தன்மைப் பன்மையில் இல்லை, தமிழில் உண்டு. செபத்தில் முன்னிலை இறைவன் ஆதலின் 'நமக்கு' என்பது பொருந்தாது. 'எங்களுக்கு' என்பதே இலக்கணம் வேண்டும் வடிவம். இவ்வடிவம் விலக்குவது கேட்பவராகிய இறைவனை மட்டுமே. இல்லத்தார் கூடிச் சொல்லும்போது 'எங்களுக்கு' என்பது அவ்வில்லத்தார்க்கு எனக் குறுகிவிடும் வாய்ப்பு உண்டு. ஆயினும் அயலாரையோ உணவின்றி இருப்போரையோ அச்சொல்லிலிருந்து விலக்கும் இலக்கணக் கூறு எதுவும் இல்லை. நல்ல அயலாரையும் அன்றாட உணவின் பட்டியலில் சேர்த்த லூத்தரின் விளக்கமும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

7. முடிவுரை

'எபியூசியோஸ்' என்னும் சொல்லின் பொருள் இன்றும் ஒருதலையாகத் துணியப்படவில்லை. தமிழாக்கங்கள் ஒவ்வொன்றும் அதன் பொருட்கூறுகளுள் ஒன்றைப் பற்றிக்கொண்டுள்ளன. ஆகவே எது சரியான தமிழாக்கம் என வினவுவதினும், ஒவ்வொன்றும் எச்சிந்தனையைத் திறக்கிறது, எதனை மறைக்கிறது என வினவுதல் பயன்தரும். விவிலியச் சிந்தனை நூல்கள் எழுதுவோர் ஒரே பகுதியின் இரண்டு மூன்று தமிழாக்கங்களை அருகருகே வைத்துக் காட்டலாம். இனிவரும் மொழிபெயர்ப்பாளர்கள், சொல் மாறும் இடங்களில் மூலச்சொல் ஒன்றே என்பதை அடிக்குறிப்பால் உணர்த்தலாம். அந்த ஒற்றை வரிக் குறிப்பு, நாள்தோறும் இவ்வேண்டுதலைச் சொல்லும் வாசகர்க்குப் பசியையும் அப்பத்தையும் பந்தியையும் இணைக்கும் இழையை மீட்டுத்தரும்.