புதுமண்டபம் யாருக்கு?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார்: "சார், லீவுக்குப் பிள்ளைகளோட மதுரை வர்றோம். கோயில், மகால் தவிர வேற எதைக் காட்டலாம்?" புதுமண்டபம் என்று பதில் போட்டேன். உடனே அடுத்த கேள்வி வந்தது: "அங்கதான் கடையெல்லாம் காலி பண்ணிட்டாங்களே சார், இனி பார்க்க என்ன இருக்கு?"

மதுரைக்காரர்களில் பாதிப் பேர் இப்படித்தான் கேட்கிறார்கள். மீதிப் பாதிப் பேர், "இப்பதான் பார்க்கவே முடியுது" என்கிறார்கள். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. அதனால் கதையை முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் 1630களில் கட்டிய வசந்த மண்டபம் இது. வைகாசி வெயிலில் அம்மனும் சுவாமியும் வந்து இளைப்பாறும் வசந்த உற்சவத்துக்காகக் கட்டினார். குளிர்ச்சிக்காகச் சுற்றிலும் தண்ணீர் நிரப்ப, ஆழம் குறைந்த அகழி ஒன்றும் உண்டு. 400 வயதை நெருங்கியும் பெயர் மட்டும் இன்னும் 'புது'மண்டபம்தான்!

உள்ளே 124 தூண்கள். திருக்கல்யாணம், கல் யானைக்குக் கரும்பு கொடுத்த திருவிளையாடல், கயிலையைத் தூக்கும் இராவணன் என்று புராணமே வரிசை கட்டி நிற்கும். வரலாறு படித்தவர்கள் பார்க்க வேண்டியது நடுப்பாதையை. விசுவநாத நாயக்கர் முதல் திருமலை நாயக்கர் வரை பத்து அரசர்கள் தேவியரோடு கைகூப்பி நிற்கிறார்கள். சுவாமி வரும் வழியில் தன் வம்சத்தையே பக்தர்களாக நிறுத்திவிட்டார் திருமலை. அது பணிவும்தான், "இந்த ஊரை ஆளும் உரிமை எங்களுக்கு வழிவழியாக உண்டு" என்று கல்லில் எழுதிய பத்திரமும்தான்.

அந்தச் சிலைகளில் ஒரு தேவியின் தொடையில் கல் தெறித்துப்போன கதையை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். நினைவிருக்கிறதா? அப்படியே இருக்கட்டும் என்றார் அமைச்சர் நீலகண்ட தீட்சிதர். அரசியின் மச்சம் இவருக்கு எப்படித் தெரிந்தது என்று அரசர் சந்தேகப்பட, தீட்சிதர் தன் கண்களையே அவித்துக்கொண்டார் என்பது செவிவழிக் கதை. சான்று கேட்காதீர்கள். ஒரு சிற்பத்தின் பழுதுக்குக்கூட ஊர் ஒரு கதை வைத்திருக்கிறது என்பதுதான் இதில் விஷயம்.

வெளிநாட்டார் கண்ணில் இந்த மண்டபம் சீக்கிரமே பட்டுவிட்டது. ஆடம் பிளாக்கேடர் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதைப் பற்றி சர் ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதிய கடிதம் 1792இல் லண்டனில் அச்சானது. அதே 1792இல் தாமஸ் டேனியலும் அவருடைய உறவினர் வில்லியம் டேனியலும் மதுரைக்கு வந்து படம் வரைந்தார்கள். 1858இல் லின்னேயஸ் டிரைப் கேமராவோடு வந்தார். இவர்கள் எல்லாரும் 'திருமலை நாயக்கர் சத்திரம்' என்ற பெயரில் தூணை அளந்தார்கள், வரைந்தார்கள், வியந்தார்கள். சீமையில் மதுரைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்ததில் இந்த மண்டபத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்னொரு தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: 1939 ஜூலை 8. வைத்தியநாத ஐயர் தலைமையில் கக்கன் உள்ளிட்டோர் எதிரே உள்ள மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்த நாள். கோயிலின் சிற்பச் சிறப்பு லண்டனில் அச்சாகி ஏறத்தாழ 150 ஆண்டுகள் கழித்துத்தான், இதே ஊரில் பிறந்தவர்கள் பலர் அதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. ஒரு நினைவுச் சின்னம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல.

சரி, கடைகளுக்கு வருவோம். புதுமண்டபம் என்றதும் என் தலைமுறைக்கு நினைவில் வருவது சிற்பம் இல்லை; தையல் மிஷின் சத்தம்தான். பாத்திரம், வளையல், பஞ்சாங்கம், பள்ளிப் புத்தகம், ஆண்டு விழா வேட உடுப்பு, எல்லாம் அங்கேதான். சித்திரைத் திருவிழாவில் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் போட்டுக்கொள்ளும் உடையும் அங்கேதான் தைக்கப்பட்டது. தைத்துக் கொடுத்தவர்களில் பலர் முஸ்லிம்கள். அழகர் பக்தருக்கு இஸ்லாமியர் அளவெடுத்துத் தைப்பதை மதுரையில் யாரும் அதிசயமாகப் பேசியதில்லை. அது அன்றாடம்.

ஆனால் அதே கடைகளால் கல் பட்ட பாடும் உண்மை. தூணைச் சுற்றிப் பலகை, கயிறு, மின்கம்பி. திருமலை நாயக்கரைப் பார்க்கத் துணி மூட்டையை விலக்கச் சொல்ல வேண்டும். அகழி இருந்ததே பலருக்குத் தெரியாது. 2018 பிப்ரவரி 2 இரவு, எதிர்ப்புறம் கோயிலின் வீரவசந்தராயர் மண்டபத்தில் கடைகள் இருந்த பகுதியில் தீப்பிடித்து, கூரை இடிந்து விழுந்தது. கருங்கல் தீயில் வெடிக்கும் என்பதை ஊரே அன்றுதான் பார்த்தது. அதன்பின் புதுமண்டபக் கடைகளை மாற்றும் முயற்சி வேகம் பிடித்தது. சுமார் 300 கடைகள் அருகிலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்குப் போயின. பழைய வியாபாரம் இல்லை என்று கடைக்காரர்கள் பலர் வருந்துகிறார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே தூணடியில் உட்கார்ந்தவர்களுக்கு வேறு எப்படி இருக்கும்?

இந்த இடத்தில் இன்னொரு மண்டபத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதுவும் மதுரை மண்டபம்தான், ஆனால் இருப்பது அமெரிக்காவில். அடலின் பெப்பர் கிப்சன் என்ற பிலடெல்பியாப் பெண்மணி 1912இல் மதுரை வந்தபோது, மதனகோபால சுவாமி கோயில் வளாகத்தில் குவிந்து கிடந்த பழைய மண்டபத்தின் தூண்களை விலைக்கு வாங்கிக் கப்பலில் கொண்டுபோனார். அறுபதுக்கும் மேற்பட்ட கற்கள். அவர் காலமான பின் 1919இல் குடும்பத்தார் அவற்றை பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். நம் ஊரில் தீப்பிடிப்பதற்கு முன்பே, 2016இல், அங்கே அந்த மண்டபக் கூடம் புதுப்பிக்கப்பட்டுத் திறக்கப்பட்டது. தூசி இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, ஆணி இல்லை. உற்சவமும் இல்லை.

நாயக்கர் மகாலை எடுத்துக்கொள்ளுங்கள். திருமலையின் பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது அரண்மனையின் பெரும்பகுதியைப் பெயர்த்துக்கொண்டு போனார் என்பார்கள். எஞ்சியதை ஆளுநர் நேப்பியர் பழுதுபார்த்தார். 1970 வரை அங்கே மாவட்ட நீதிமன்றம் நடந்தது. கோர்ட்டு வேண்டும் என்ற தேவை இருந்ததால் கட்டடம் பிழைத்தது. மகாலுக்கு அருகே சந்துக்குள் நிற்கும் பத்துத் தூணுக்கு அப்படி ஒரு வேலை கிடைக்கவில்லை. அதன் கதியை நீங்களே போய்ப் பாருங்கள்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இது. புழக்கம் இல்லாத கல் குவியலாகிக் கப்பல் ஏறுகிறது. அளவு மீறிய புழக்கத்தில் கல்லே வெடிக்கிறது. கடைகளை மாற்றியது சரி என்பதுதான் என் கருத்து. வியாபாரத்துக்கு வேறு இடம் கட்டலாம், திருமலை காலத்துத் தூணை மறுபடி செய்ய முடியாது. ஆனால் காலி செய்ததோடு கடமை முடிந்துவிடாது. பூட்டிவைத்தால் அது வௌவாலுக்குத்தான் மண்டபம்.

வசந்த உற்சவம் முன்போல நடக்க வேண்டும், அகழியில் நீர் நிற்க வேண்டும். மற்ற நாட்களில் யாரும் வந்து உட்காரும் நிழலாக, பள்ளிப் பிள்ளைகள் வந்து படம் வரையும் இடமாக இருக்க வேண்டும். சிற்பங்களைப் பற்றிய பலகையோடு, இங்கே இருந்து தைத்தவர்களைப் பற்றியும் ஒரு பலகை வேண்டும். பத்து அரசர்களின் பெயர் எழுதும்போது, அழகர் பக்தருக்கு அளவெடுத்த கைகளைப் பற்றி இரண்டு வரி எழுத இடம் இருக்காதா? அவர்கள் கடை இப்போது எங்கே என்று வழி காட்டினால் அவர்கள் பிழைப்புக்கும் உதவும்.

மதுரை வருகிறவர்களுக்கு ஒரு யோசனை. காலை வெயில் ஏறுமுன் புதுமண்டபம் போங்கள், அனுமதிக்கும் அளவு சுற்றிப் பாருங்கள். பிறகு குன்னத்தூர் சத்திரத்தில் பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு உடுப்பு தைக்கக் கொடுங்கள். மாலையில் மகாலையும் பத்துத் தூணையும் பாருங்கள். ஒரே நாளில் நானூறு வருஷப் பாடம் முடிந்துவிடும், பரீட்சை கிடையாது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். புதுமண்டபக் கடைகளுக்குள் எடுத்த பழைய புகைப்படம், ஆண்டு விழா உடுப்பு, அங்கே வாங்கிய புத்தகம் எதுவாக இருந்தாலும் கீழே போடுங்கள். எந்த வருடம், யார் வீட்டுப் படம் என்றும் எழுதுங்கள். பிளாக்கேடரும் டிரைப்பும் தூண்களைப் பதிவு செய்துவிட்டார்கள். தூணடியில் வாழ்ந்த மனிதர்களை நாம்தான் பதிவு செய்ய வேண்டும்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்