நூலில் இருந்து தண்ணீருக்கு: வாட்டர் ஃப்ளாசரின் கதை

பிரஷை எவ்வளவு அழுத்தித் தேய்த்தாலும் அது இரண்டு பற்களுக்கு நடுவே சரியாகப் போகாது. ஈறு வீங்குவதும் ரத்தம் கசிவதும் பெரும்பாலும் அந்த இடுக்கில்தான் ஆரம்பிக்கிறது. அந்த இடுக்கைச் சுத்தம் செய்ய மனிதன் முதலில் பிடித்தது நூலை. தண்ணீர் வந்தது ரொம்பப் பிறகு!

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரப் பல் மருத்துவர் லீவை ஸ்பியர் பார்ம்லி, மெழுகு தடவிய பட்டு நூலால் பல் இடுக்கைச் சுத்தம் செய்யச் சொல்லி 1819-ல் புத்தகம் எழுதினார். 1882-ல் கோட்மன் அண்ட் ஷர்ட்லெஃப் நிறுவனம் பட்டு நூலை விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1898-ல் ஜான்சன் அண்ட் ஜான்சன் காப்புரிமை வாங்கியது. 1940-களில் டாக்டர் சார்லஸ் பாஸ் நைலான் நூலுக்கு வழி காட்டினார்.

எல்லாம் சரி, ஆனால் நூலைத் தினமும் போடப் பொறுமை வேண்டும். பல்லில் கம்பி கட்டியவர்களுக்கு இன்னும் கஷ்டம்.

இங்கேதான் கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸ் ஊர் வருகிறது. அங்கே பல் மருத்துவர் ஜெரால்டு மோயர். அவரிடம் வைத்தியத்துக்கு வந்தவர்களில் ஒருவர் ஜான் மாட்டிங்லி, நீரியல் பொறியாளர். பல் தெரிந்தவரும் தண்ணீர் தெரிந்தவரும் சேர்ந்து 1962-ல் ஒரு கருவியை உருவாக்கினார்கள். அக்வா டெக் என்ற கம்பெனி பிறந்தது. கருவியின் பெயர் வாட்டர் பிக்.

சூட்சுமம் என்ன? தண்ணீர் குழாயில் வருவதுபோல் ஒரே சீராக வராது. சின்ன மோட்டார் ஒரு பிஸ்டனை ஓட்ட, நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட துடிப்புகளாக விட்டு விட்டுப் பீய்ச்சும். தண்ணீர் அடிக்கும்போது ஈறு அமுங்குகிறது, விடும்போது விரிகிறது. அந்த இடைவெளியில் அழுக்கு வெளியே வந்துவிடுகிறது.

1967-ல் டெலிடைன் நிறுவனம் அக்வா டெக்கை வாங்கியது. ஹென்றி சிங்கிள்டன் தலைமையில் அது கம்பெனிகளை வரிசையாக வாங்கிக் குவித்த காலம் அது. 1999-ல் வாட்டர் பிக் தனிக் கம்பெனியாகப் பிரிந்தது. 2017-ல் சர்ச் அண்ட் டுவைட் சுமார் 100 கோடி டாலர் கொடுத்து அதை வாங்கியது.

இந்தக் கதையில் எதிர்பாராத திருப்பம் வியட்நாம் போர். துடிப்புடன் பீய்ச்சும் தண்ணீரால் போர்க் காயங்களைக் கழுவலாம் என்று அமெரிக்க ராணுவத்தின் பல் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பாஸ்கர் குழுவினர் 1971-ல் கட்டுரை வெளியிட்டார்கள். பல் இடுக்குக்காகப் பிறந்த யோசனை, சிப்பாயின் காயத்துக்கும் உதவியது.

ஆனால் ஒரு கேள்வி கூடவே வந்தது. 1965-ல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ குழுவினர், ஆரோக்கியமான 12 பேரைப் பல் துலக்காமல் இருக்க வைத்தார்கள். மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி! மறுபடி துலக்கியதும் சரியானது. அதாவது எதிரி சாப்பாட்டுத் துணுக்கு அல்ல, பல்லில் ஒட்டும் பாக்டீரியாப் படலம். தண்ணீர் துணுக்கைக் கழுவும் சரி, படலத்தைப் பிய்க்குமா?

2009-ல் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனையில், தண்ணீர் பட்ட இடத்தில் மூன்றே விநாடியில் 99.9 சதவீதப் படலம் போனது. ஆனால் அது பிடுங்கிய பற்களில் நடந்த சோதனை. ஆய்வாளர்களில் ஒருவர் வாட்டர் பிக் ஊழியர். 2017-ல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் இந்தக் கருவிக்குத் தன் முத்திரையைத் தந்தது. 2019-ல் காக்ரேன் அமைப்போ, 35 ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, நூல் உள்பட எந்த இடுக்குக் கருவிக்கும் ஆதாரம் அவ்வளவு உறுதியாக இல்லை என்றது.

ஆக, பிரஷுக்கு இது மாற்று இல்லை. ஆனால் நூலை வாங்கி அலமாரியில் போட்டுவிட்டு மறந்துபோகிறவர்களுக்கும், பல்லில் கம்பி கட்டியவர்களுக்கும் இது நல்ல துணை. வெதுவெதுப்பான தண்ணீர், குறைந்த அழுத்தம், ஈறு ஓரமாக ஒரு நிமிடம். விலை கொடுத்து வாங்கிய கருவியைவிட, தினமும் கையில் எடுக்கும் கருவிதான் பல்லைக் காப்பாற்றும்!