தலைக் காயத்துக்குப் பிந்தைய தலைவலி: மீயொலிச் சிகிச்சை எந்நிலையில் உள்ளது?

திருவனந்தபுரம்: விபத்தில் தலையில் ஏற்பட்ட காயம் ஆறிய பின்னரும் மாதக்கணக்கில் நீடிக்கும் தலைவலிக்கு, மண்டையோட்டைத் திறக்காமல் மூளையின் ஆழ்பகுதியைத் தூண்டும் மீயொலி முறை தீர்வாகுமா என்பது ஆராயப்பட்டு வருகிறது. எனினும், இத்தலைவலிக்கான வழக்கமான சிகிச்சையாக அது இன்னும் ஏற்கப்படவில்லை.

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் 4.61 லட்சம் சாலை விபத்துகளில் 4.43 லட்சம் பேர் காயமடைந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை தெரிவிக்கிறது. தலையில் அடிபட்டவர்களிடம் பரவலாகக் காணப்படும் பின்விளைவுகளுள் தலைவலியும் ஒன்று.

எது நீடித்த தலைவலி?

சர்வதேச வகைப்பாட்டின்படி, காயமடைந்த அல்லது நினைவு திரும்பிய 7 நாள்களுக்குள் தொடங்குவது காயத்துக்குப் பிந்தைய தலைவலி ஆகும். 3 மாதங்களைக் கடந்தும் தொடர்ந்தால் அது நீடித்த தலைவலியாகக் கருதப்படுகிறது. பெரும்பாலும் ஒற்றைத் தலைவலி போன்றவற்றுக்கான மருந்துகளே அறிகுறிகளுக்கேற்ப இதற்கும் வழங்கப்படுகின்றன.

செயல்படும் விதம்

மகப்பேறு கால ஸ்கேனில் பயன்படும் ஒலி அலைகளின் வகையைச் சேர்ந்தவையே இதிலும் பயன்படுகின்றன. அவை மண்டையோட்டைக் கடந்து, மூளைக்குள் சில மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு புள்ளியில் குவிக்கப்படுகின்றன. காந்தத் தூண்டல் முறை பெரும்பாலும் மூளையின் மேற்பகுதியையே எட்டும் நிலையில், மீயொலியால் வலி உணர்வில் பங்கு வகிக்கும் 'இன்சுலா' போன்ற ஆழ்பகுதிகளையும் அடைய முடிகிறது.

இதில் இரு வகைகள் உள்ளன. அதிகச் செறிவுள்ள மீயொலி, திசுவைச் சூடாக்கி அழிக்கிறது. கை நடுக்கத்துக்கான இச்சிகிச்சைக்கு அமெரிக்கா 2016-இல் அனுமதி அளித்தது. குறைந்த செறிவுள்ள மீயொலி திசுவை அழிக்காமல், நரம்பணுக்களின் செயல்பாட்டைத் தற்காலிகமாக மாற்றுகிறது. தலைவலிக்கு ஆராயப்படுவது இந்த வகையே.

அமெரிக்காவில் 23 ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம் நடத்தப்பட்டு 2024-இல் வெளியான ஆய்வில், இன்சுலாவில் மீயொலி செலுத்தியபோது, 10 புள்ளி அளவுகோலில் வலி சுமார் முக்கால் புள்ளி குறைந்தது. இது சோதனைக்காக ஏற்படுத்தப்பட்ட வலியே தவிர, தலைவலி அன்று.

ஸ்ரீ சித்திரை நிறுவனம்

திருவனந்தபுரத்தில் மத்திய அறிவியல், தொழில்நுட்பத் துறையின் கீழ் இயங்கும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனம், நடுக்குவாத நோயாளிகளுக்கு ஆழ்மூளைத் தூண்டல் சிகிச்சை அளித்து வருகிறது. அம்முறையில் மண்டையோட்டில் துளையிட்டு மின்முனைகள் பொருத்தப்படுகின்றன. அத்தகைய அறுவை சிகிச்சையின்றியே ஆழ்பகுதியை எட்ட முடிவதே மீயொலி மீதான எதிர்பார்ப்புக்குக் காரணம்.

கவனிக்க வேண்டியவை

சாதாரண வலி நிவாரணிகளை மாதத்தில் 15 நாள்களோ அதற்கு மேலோ, 3 மாதங்களுக்கு மேல் தொடர்ந்து உட்கொண்டால், அம்மருந்துகளே தலைவலிக்குக் காரணமாகலாம். அடிபட்டபின் வலி அதிகரித்தாலோ, தொடர் வாந்தி, மயக்கம், வலிப்பு, கை கால் பலவீனம் ஏற்பட்டாலோ உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மூளையைச் சுற்றி மெதுவாகக் கசியும் இரத்தம், சில வாரங்களுக்குப் பின்னரும் அறிகுறிகளை வெளிப்படுத்தக்கூடும். முதியோரிடம் இதற்கான வாய்ப்பு அதிகம்.